குந்துற காரோட அடிவயிறு

போன வாரம் நம்ம தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஒன்னுகூடலுக்குச் செவப்பெண்ண அக்கா வாறாங்களா?" பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி மூனு. அதுக்குக் கீழ இன்னும் பதினோரு பேரு சிரிச்சிருந்தீங்க. எல்லாருக்கும் அறுபத்தஞ்சு தாண்டிருச்சு. பாதிப் பேருக்கு முட்டி மாத்தியாச்சு, பேரப் புள்ளைங்க கல்யாண வயசுல நிக்குது. சிரிப்பு மட்டும் லயத்துக் கோடியில நின்னு சிரிச்ச அதே சிரிப்பு.

மறுநாள் தலைவரே போன் பண்ணார். கங்காணி மகன், இப்ப ஒன்னுகூடலுக்கு அவர்தான் தலைவர். "அக்கா, நீங்க செய்யிற பிரெஞ்சு காருங்களக் கொண்டாந்து ஒரு மேசையில அடுக்குங்க லா. ஜனங்க பாக்கட்டும். அப்படியே ஒன்னுகூடல் மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பழைய ஞாபகம், சந்தோசமா, அந்த மாதிரி."

சந்தோசமாவாம். எழுதுறேன் தம்பி. ரெண்டு பக்கத்துல அடங்காது, சந்தோசமாவும் இருக்காது. ஆனா ஒரு எழுத்து வெட்டாமப் போடணும்.

முதல்ல காருங்களச் சொல்லிடுறேன். ஈப்போவுல என் வீட்டுப் பின்னறையில நாப்பத்தோரு காரு இருக்கு. எல்லாம் பழசு, எல்லாம் பிரெஞ்சு, ஒன்னைத் தவிர எல்லாம் கையடக்கம். சிங்க முத்திரை போட்டது, துணிக் கூரையைப் பாயாட்டம் சுருட்டி வைக்கிறது, பின்னாடி எஞ்சின் வச்ச குட்டிக் காருன்னு வகைவகையா. வீட்டுக்காரர் போயி, கையுறை ஃபேக்டரி வேலையும் நின்னப்புறம் ஆரம்பிச்சது. மகன் வெளிநாட்டுலருந்து பெட்டி பெட்டியா வரவழைச்சுத் தருவான். உள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும். அரத்தால தேச்சு, இடுக்கியால பிடிச்சு, பசை வச்சு, சாயம் அடிக்கணும். கதவுக் கைப்பிடி ஒரு அரிசி அளவு கூட இருக்காது. கீழ விழுந்துச்சுன்னா ஒரு மணி நேரம் மண்டிபோட்டுத் தேடி, அப்புறம் ரெண்டு நாளைக்கு முட்டி வலின்னு படுக்கணும். "ஏம்மா பிரெஞ்சு காரையே கட்டிக்கிட்டு அழுவுற, ஜப்பான் காரு செய்யக்கூடாதா?"ன்னு மகன் கேப்பான். அவன்கிட்ட இன்னைக்கு வரைக்கும் காரணத்தைச் சொன்னதில்ல. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிக்கிறீங்க.

நம்ம தோட்டம் பிரெஞ்சுக்காரன் கம்பெனியோட ரப்பர் தோட்டம். துரையும் பிரெஞ்சுக்காரர். அவருக்கு முந்தி இருந்த துரை விட்டுட்டுப் போன காரு ஒன்னு அவர்கிட்ட இருந்துச்சு. நீளமா, கறுப்பா, மூக்கு சப்பையா, பின் சக்கரம் பாதி மூடி. எஞ்சின் போட்டா அது எந்திரிக்கும். முதல்ல பின்பக்கம் தூக்கும், அப்புறம் முன்பக்கம், மாடு எந்திரிக்கிற மாதிரியே. நிப்பாட்டினா மெதுவா குந்தும். அதனால தோட்டம் முழுக்க அதுக்குக் குந்துற காருன்னு பேரு. எங்கப்பாதான் அதுக்கு டிரைவர்.

டிரைவர்னா சும்மாவா? லயத்துல எல்லாரும் ஒரு குழாயில வரிசையில நிக்க, எங்க வீட்டுக்குத் தனிக் குழாய். கார்க் கொட்டகைக்குப் பக்கத்துலயே தனி வீடு. விடியக்காலையில பால் வெட்டப் போறவங்க இருட்டுல நடக்கறப்ப எங்கப்பா வெள்ளைச் சட்டை போட்டுக் கண்ணாடி தொடைச்சிக்கிட்டிருப்பார். அந்த வீடும் குழாயும் காரோட ஒட்டிக்கிட்டிருந்த வீடும் குழாயும். காரு போனா அதும் போகும். இத ஞாபகத்துல வச்சுக்குங்க.

பள்ளிக்கூடம் விட்டா எனக்குக் கொட்டகைதான் கதி. அங்க ஒரு வாசனை இருக்கும், லேசா இனிக்கிற எண்ணெய் வாசனை. காரு எந்திரிக்கிறதும் குந்துறதும் அந்த எண்ணெயாலதான். குங்குமத்தைக் கரைச்ச மாதிரி செவப்பா இருக்கும். அப்பா காலையில மூடியைத் தொறந்து கொஞ்சம் ஊத்துவார். "காரு பால் குடிக்குதாப்பா?"ன்னு கேட்டா சிரிப்பார். ஆறாம் வகுப்புல நான் இருந்தப்ப சாயங்காலமும் ஊத்த ஆரம்பிச்சார். காருக்கு அடியில மரத்தூளப் பரப்பி வச்சு, விடிஞ்சதும் கூட்டித் தூரக் கொண்டுபோய்க் கொட்டுவார். நான் பாத்தேன். கேக்கல. அப்பா சுத்தக்காரர்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த வருசம்தான் நான் எம் முதல் காரைச் செஞ்சேன். பெட்டியா வந்துச்சு அப்ப? பால் டின்னைக் கல்லுல தட்டித் தட்டி நேராக்கி, அம்மாவோட கத்திரிக்கோலால வெட்டினேன். கத்திரிக்கோலு மழுங்கிப் போச்சு, முதுகுல ரெண்டு விழுந்துச்சு. கூரைக்கு ரொட்டி டின் மூடி. கண்ணாடிக்கு மருந்துப் பெட்டி மேல சுத்தி வர்ற பளபளத் தாள். மரத்துல கட்டுன மங்குல உறைஞ்சு கிடக்கிற ரப்பர்க் கட்டிப்பாலைக் காயவச்சு, சோடா மூடியை அழுத்தி வட்டமா அறுத்தா டயரு. விளக்குக் கரியில வார்னிஷ் கலந்து கறுப்புச் சாயம். நாலு சக்கரத்துலயும் பேனா ஸ்பிரிங்கு வச்சிருந்தேன், அமுக்குனா குந்தும், விட்டா எந்திரிக்கும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா இருந்துச்சு.

அப்பா அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். "கதவு ஒரு நூலு கோணல்"னார். அப்புறம், "டவுன் ஸ்கூலுக்குப் போ, இதெல்லாம் ஒழுங்கா சொல்லிக் குடுப்பாங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ராத்திரி பூரா தூங்கல.

ஏன்னா அந்த வருசம் டவுன் ஸ்கூலுக்குப் போற லோரியில ஒன்பது பேரு. தோட்டத்து லோரி, பட்டியலு ஆபீஸ் கணக்கெழுதுற கிராணியார் கையில. அதுல எம் பேரும் இருந்துச்சு. தமிழ்ப் பள்ளியிலருந்து போறவங்களுக்கு ரிமூவ் கிளாஸ் ஒரு வருசம், அப்புறம்தான் ஃபோர்ம் ஒன். பொம்பளப் புள்ளைங்கள்ல நான் ஒருத்திதான். லோரி இல்லன்னா பள்ளிக்கூடம் இல்ல. அவ்வளவு தூரம் வேற எப்படிப் போறது?

இப்ப ஆயுத பூசைக்கு வாறேன். மலர்ல அந்தப் பூசையைப் பத்தித்தான் ஆளாளுக்கு உருகி எழுதியிருப்பீங்க. கோயிலுக்கு முன்னால பால்வெட்டுற கத்தி, வாளி, மண்வெட்டி எல்லாம் வரிசையா. பக்கத்துல லோரி. நடுவுல மாலை போட்ட குந்துற காரு. அப்பா காரை மெதுவா எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி நிறுத்தி, எஞ்சினை அணைப்பார். சூடம் காட்டுவாங்க. சூடம் அணைஞ்சு, தட்டு சுத்தி வந்து, பொங்கல் குடுக்கிற நேரத்துல காரு மெல்ல மூக்கைத் தாழ்த்தும். ஜனம் மொத்தமும் கன்னத்துல போட்டுக்கும். "காரு சாமி கும்பிடுது!" வருசா வருசம் அதுக்காகவே காத்துக்கிட்டு நிப்போம். துரை தூரத்துல மாலையோட நின்னு சிரிப்பார். அவருக்குத் தெரியும் அது எண்ணெய் வேலைன்னு. நமக்கு அது பக்தி.

அன்னைக்கு என் தகரக் காரையும் தூக்கிட்டுப் போனேன். அதும் வண்டிதானே, அதுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டும்னு ஆசை. பூசைத் தட்டுக்குப் பக்கத்துல வைக்கப் போனேன். அப்பா தடுத்தார். "அங்க வைக்காத, மிதிச்சிடுவாங்க. காரு மூக்குக்கு அடியில வை, அது குந்துறதுக்குள்ள நான் எடுத்துக் குடுத்துடுறேன்." அதுதான் அவர் சொன்னது. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

எஞ்சின் அணைஞ்சுச்சு. சூடம் ஏத்துனாங்க. சூடம் பாதி எரியறதுக்குள்ள காரு குந்திடுச்சு. "பாத்தியா, இந்த வருசம் சாமி சீக்கிரம் இறங்கிடுச்சு!"ன்னு யாரோ கத்துனாங்க, கைதட்டுனாங்க. அந்தக் கூச்சல்ல தகரம் நசுங்குற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு.

"அப்பா! எந்திரிக்க வையிங்கப்பா! என் காரு!"

அப்பா ஓடிப் போய் எஞ்சினைப் போட்டார். காரு எந்திரிக்கல. உள்ள என்னமோ முக்குச்சு, அப்புறம் அடியிலருந்து செவப்பா ஒழுக ஆரம்பிச்சுச்சு. கோலத்து மேல ஓடி, எலுமிச்சம்பழத்தைச் சுத்தி, அங்க நின்னவங்க காலுக்கிட்ட வந்துச்சு.

"அடியாத்தி! ரத்தம்!" கங்காணியம்மா குரலு. தலைவர் தம்பி, உன்னைப் பெத்தவங்க. நான் மறைச்சு எழுதப் போறதில்ல. அவங்க ஒழுகுற எண்ணெயைப் பாத்தாங்க, அழுதுக்கிட்டு நிக்கிற என்னைப் பாத்தாங்க. "இவ வயசுக்கு வந்து மூனு மாசம்தானே ஆச்சு? இன்னைக்கு எப்படி இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா? சாமி வண்டிக்கு அடியில கைய விட்டிருக்கா!"

எங்கம்மா ஒருத்திதான் வாயைத் தொறந்தா. "இல்லக்கா, அவ சுத்தமாத்தான் இருக்கா. இன்னும் பத்து நாளு இருக்கு."

"நீ சொல்லுவ. உம் பொண்ணு."

எனக்குப் பன்னெண்டு வயசு. மொளைச்சு மூனு எலை விடல. எனக்கு இன்னும் எத்தனை நாளு இருக்குன்னு தோட்டத்து ஆம்பளைங்க அத்தனை பேரு முன்னாடி கணக்குப் பாத்தாங்க. வயித்தெரிச்சலா இருக்குய்யா, இப்ப எழுதுறப்பவும். நீங்க யாரும் விவரம் தெரியாத புள்ளைங்க இல்ல அப்ப, என் வயசுதான். முன்வரிசையில நின்னீங்க.

அப்புறம் கிராணியார் குனிஞ்சு, நசுங்கிப் போன என் காரை ரெண்டு விரலால வெளிய இழுத்துத் தூக்கிப் பிடிச்சார். "இதோ, இந்தத் தகரம்தான் அடியில குத்திக் கிழிச்சிருக்கு." தீட்டுன்னா தகரத்து மேல பழி கிடையாது. தகரம்னா தீட்டுக்கு வேலை கிடையாது. ஏதாச்சும் ஒன்னைச் சொல்லுங்கய்யா! ரெண்டையும் சேத்து எந் தலையில கட்டுனாங்க. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

துரை நடந்து வந்து, என்ன ஆச்சுன்னு அப்பாகிட்ட மலாய்ல கேட்டார். நான் அப்பா மூஞ்சியவே பாத்தேன். மூக்குக்கு அடியில வைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லுவார், இப்பச் சொல்லுவார்னு நின்னேன். அப்பா தொப்பியைக் கழட்டி, தரையைப் பாத்துக்கிட்டு மூனே வார்த்தை சொன்னார்.

"அனாக் சாயா, துவான்." என் புள்ளைதான், துரை.

அவ்வளவுதான். துரை தோளைக் குலுக்கிட்டு நடந்தே பங்களாவுக்குப் போயிட்டார். அப்பா வேலை தப்பிச்சுச்சு. வீடு தப்பிச்சுச்சு. தனிக் குழாய்ல தண்ணி வந்துச்சு.

மறுவாரம் கிராணியார் பட்டியல்ல எம் பேரு மேல கோடு. "துரை காரையே ரொசாக் பண்ணிக் கெடுத்தவ. லோரியில ஏத்துனா லோரியும் நின்னுடும்"னாராம். அதுக்கும் சிரிச்சாங்க. கங்காணியம்மா வீட்டுக்கே வந்து, வயசுக்கு வந்தவளைப் பயலுங்களோட லோரியில அனுப்பாதன்னு அம்மாவுக்குப் புத்தி சொல்லிட்டுப் போனாங்க. அப்பா வாசல்ல உக்காந்து சுருட்டுப் பத்த வச்சார். ஆபீஸுக்குப் போய், அது என் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோடு அழிஞ்சிருக்கும். வாயில என்ன கொழுக்கட்டையா?

ஜனவரி மாசம் எட்டுப் பேரோட லோரி கிளம்புச்சு. நான் அம்மாவோட மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டுப் புல்லு வெட்டப் போய்க்கிட்டிருந்தேன். தலைவர் தம்பி, நீ முன்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. வெள்ளைச் சட்டை, புதுக் காலணி. "செவப்பெண்ண! ஓய் செவப்பெண்ண!"ன்னு முதல்ல கத்துனது நீதான். மத்த ஏழு பேரும் சேந்துக்கிட்டீங்க. லோரி வளைவு திரும்புற வரைக்கும் கேட்டுச்சு. தினமும் கேட்டுச்சு.

நசுங்குன காரை அம்மா குப்பைக் குழியில போட்டுட்டா. டயர்ல ஒன்னை மட்டும் எடுத்து எண்ணெய் பாட்டிலுக்கு மூடியா வச்சிருந்தா. தாளிக்கிறப்பல்லாம் அதைத் தொறக்கணும். தோட்டத்தை வித்துட்டு எல்லாரையும் கிளப்பி விட்ட நாள்ல அந்தப் பாட்டிலும் எங்கயோ போயிடுச்சு. இப்ப அங்க தாமான்னு வரிசை வரிசையா வீடு கட்டிட்டாங்க. கோயில் இருந்த எடத்துல கார் நிறுத்துறாங்க.

இப்பக் கதைக்கு வாறேன். சில வருசத்துக்கு முன்னாடி மகன் பெரிய பெட்டி ஒன்னு கொண்டாந்தான். குந்துற காரேதான், எட்டுல ஒரு பங்கு அளவு. செய்ய ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அடிப்பக்கத்துக் குழாயெல்லாம் பெட்டியில வரல. நானே செம்புக் கம்பியை வளைச்சு வைக்கலாம்னு, அந்தக் காருக்கான பழைய பழுதுபாக்குற புத்தகத்தைத் தேடி, போன்ல ஒவ்வொரு பக்கமா மொழிபெயர்த்துப் படிச்சேன். அதுலதான் பாத்தேன். அந்தக் காலத்துச் செவப்பு எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். இரும்புக் குழாயை உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க வைக்கும். அதனால பின்னாடி எண்ணெயையே மாத்திட்டானுங்க. இன்னொன்னும் இருந்துச்சு: நல்லா இருக்கிற காரு குந்த நேரமெடுக்கும். சட்டுன்னு குந்துனா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

சூடம் பாதி எரியறதுக்குள்ள குந்துன காரு. நாம எல்லாரும் கைதட்டுனோம்.

அப்பா அப்ப என்கூடத்தான் இருந்தார், எம்பத்தஞ்சு வயசுக்கு மேல. அடிப்பக்கத்தைக் கவுத்து வச்சு நான் வேலை செஞ்சுக்கிட்டிருந்தப்ப, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். விரலைக் குழாய் மேல ஓட்டினார்.

"இது தப்பும்மா. இந்தக் குழாய் இங்க ஒரு வளைவு வளைஞ்சு போவும். அந்த வளைவுலதான் ஒழுகும்."

"எப்ப ஒழுகுச்சு?"

"அந்த வருசம்தான். பூசைக்கு ரெண்டு மாசம் முந்தியே."

"துரைக்குத் தெரியுமா?"

"சொல்லல. சாமான் கப்பல்ல வரணும். நான்தான் சரியா பாத்துக்கலன்னு வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயம். எண்ணெய் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"அப்ப என் தகரம்?"

அப்பா என்னை நிமிர்ந்து பாத்து, ரொம்பச் சாதாரணமா சொன்னார். "பால் டின்னு தகரம் அந்த இரும்பைக் கிழிக்குமாம்மா? அது நசுங்கத்தான் செய்யும்."

அம்பது வருசம்! அம்பது வருசமா அது அவருக்குத் தெரியும். நான் கேட்டேன், "ஏம்ப்பா சொல்லல?"

"வீடு போயிருக்கும்மா. உன் தம்பிங்க சின்னப் புள்ளைங்க. நீ பொம்பளப் புள்ள, ரெண்டு நாள் பேசுவாங்க, மறந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

மறந்தீங்களா? போன வாரம் கூட மூனு மூஞ்சி சிரிச்சுச்சே.

அன்னைக்கு அவருக்குச் சோறு போட்டேன், மீன் முள்ளெடுத்துக் குடுத்தேன், பேசல. பத்து நாளு பேசல. அப்புறம் பேசினேன், அவர் போற வரைக்கும் பாத்துக்கிட்டேன், எல்லாம் செஞ்சேன். செத்துப் போனவரைத் திட்டக்கூடாதுன்னு சொல்லுவீங்க. நான் திட்டுறேன். எங்கப்பா பயந்தாங்கொள்ளி. எம் படிப்பைக் குடுத்து ஒரு குழாயை வாங்குனவர். அவர் மேல பாசமும் இருக்கு, கோவமும் இருக்கு, ரெண்டும் ஒன்னை ஒன்னு அழிக்கல. ஆனா அவராவது பயத்துல வாயை மூடினார். உங்களுக்கு என்ன பயம்? நீங்க எதுக்குக் கத்துனீங்க?

அவர் சொன்ன எடத்துல கம்பியை வளைச்சேன். கச்சிதமா பொருந்துச்சு. அந்த வளைவுல துரு நிறம் அடிச்சு, நடுவுல ஊசி முனையால ஒரு பொட்டு செவப்பு வச்சேன்.

ஒன்னுகூடலுக்கு வாறேன் தம்பி. நாப்பத்தோரு காரும் வராது, அந்த ஒன்னுதான் வரும். மேசையில கவுத்து வைப்பேன், நாலு சக்கரமும் மேல பாக்க. பளபளன்னு இருக்கிற மேல்பக்கத்தை நீங்க அன்னைக்கே பாத்துட்டீங்க. மாலை வேணாம், பொன்னாடை வேணாம், செவப்பெண்ண அக்கா வாழ்கன்னு யாரும் கைதட்டவும் வேணாம். எட்டுப் பேருல உயிரோட இருக்கிற அஞ்சு பேரும் வரிசையா வந்து குனிஞ்சு அந்த வளைவைப் பாக்கணும். அப்புறம் நீ மைக்கைப் பிடிச்சு, உங்கம்மா அன்னைக்குக் கத்துன அதே சத்தத்துல, கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி, அது தீட்டு இல்ல, துருன்னு சொல்லணும்.

சொன்னாத்தான் காரை நிமித்துவேன்.